ஆறாவது நோட்டு

உக்காருங்கம்மா, தாராளமா உக்காருங்க. அது என் பைதான், மடியில வச்சுக்கறேன். ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு வெயில் ஆகாது. ஒரே ஒரு உதவி. கீழநத்தம் கைகாட்டி வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பக்கம் நான் வந்ததே இல்ல. கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஆனா அவரு ஏறுனதுலேருந்து போன்லயே இருக்காரு.

அந்த ஃபைல்ல என்ன, காலேஜ் அப்ளிகேஷனா? பொண்ணுக்கா? நர்சிங்கா! அட, பாருங்களேன். நானும் அதே வேலைதான். நர்ஸ் இல்ல, நர்சுங்களை உருவாக்குற வேலை. முப்பத்தொரு வருஷம். திருச்சியில எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் போயி ஞானசௌந்தரி மேடம்னு சொல்லிப் பாருங்க, அங்க நிக்கிற பொண்ணு முதுகை நேராக்கிக்கும். பயமான்னு கேக்காதீங்க. மரியாதைங்க அது.

சேத்து விடுங்க, நல்ல படிப்பு. ஆனா ஒண்ணு விசாரிச்சிட்டு சேருங்க. அந்தக் காலேஜ்ல பிள்ளைங்ககிட்ட டீச்சரைப் பத்தி எழுதி வாங்குற பழக்கம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா வேணவே வேணாம். பட்டவ சொல்றேன். அந்த ஒரு காகிதத்தால என் பேரு இன்னைக்கு நாறிக் கெடக்கு. ரிட்டையராக ஏழே மாசம் இருக்கு. ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ, அதோட போயிருப்பேன். இப்ப என்மேல விசாரணை.

சொல்றேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல, சொல்றேன்.

எங்க பிரின்சிபால் மனோகரின்னு ஒருத்தி. ஒருத்தின்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க, என்கிட்ட படிச்ச பொண்ணு அவ. நான் வேலைக்குச் சேந்த ரெண்டாவது பேட்ச். இப்ப அவ நாற்காலியில உக்காந்திருக்கா, நான் எதிர்ல நிக்கிறேன். உக்காரத்தான் சொன்னா. நான்தான் உக்காரல.

ஜனவரியில கூப்புட்டு, காலேஜைப் பாக்க கமிட்டி வருது மேடம், பாடம் எப்படி நடக்குதுன்னு பிள்ளைங்ககிட்ட எழுதி வாங்கணும்னா. அது வருஷா வருஷம் நடக்குறதுதான். நன்று, மிக நன்றுன்னு கட்டம் கட்டமா இருக்கும். முதல் பெஞ்சுல ஒருத்தி டிக் போட்டா அதைப் பாத்து கிளாஸ்ல நாப்பத்தாறு பேரும் போடும். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். இந்தத் தடவை டிக் வேணாம்னுட்டா மனோகரி. ரெண்டே கேள்வி. நீங்க ஒரு வேலையைச் செஞ்சு காட்டுன பிறகு ஆசிரியர் உங்ககிட்ட என்ன சொன்னார்? அடுத்த தடவை நல்லா செய்ய அது உதவுச்சா? பேரு எழுத வேணாம். மனசுல பட்டதை எழுதுங்க.

நான் அப்பவே சொன்னேன், இது வேண்டாத வேலைன்னு. என்ன சொன்னாருன்னு ஒரு கேள்வியா? ஒரு நர்சிங் டீச்சர் என்னத்தைச் சொல்லுவா? சரின்னா கையெழுத்துப் போடுவா. தப்புன்னா ரிப்பீட்னு எழுதுவா.

உங்களுக்கு எப்படிப் புரியும், நீங்க அம்மா, டீச்சர் இல்ல. ஒரு பொண்ணு ஊசி போட்டாலோ புண்ணுக்குக் கட்டுக் கட்டுனாலோ, அதை எப்படிச் செஞ்சோம்னு ரெக்கார்டு நோட்டுல எழுதிட்டு வரணும். சரியில்லன்னா கடைசியில சிவப்பு மையில ரிப்பீட்னு போட்டுக் குடுத்துருவேன். அவ லேப்புக்குப் போயி பொம்மை மேல அஞ்சு தடவை திரும்பச் செஞ்சு, முழுசையும் திரும்ப எழுதிட்டு வரணும். எது சரியில்லன்னு நான் சொல்ல மாட்டேன். எதுக்குச் சொல்லணும்? மண்டைன்னு ஒண்ணு இருக்குல்ல, யோசிக்கணும். நான் படிக்கிறப்ப எங்க மேட்ரன் எனக்கு வாயைத் தொறந்தா சொன்னாங்க? இடுக்கியாலயே விரல் முட்டியில போடுவாங்க. இந்தா பாருங்க, இந்த விரல். இன்னும் முழுசா மடங்காது. நான் கத்துக்கலையா?

ரிப்பீட் மேடம்னு எனக்குப் பட்டப்பேரு இருக்குறது தெரியும். பெருமையாத்தான் இருந்துச்சு.

எழுதி வாங்குனதையெல்லாம் டைப் அடிச்சு, தொகுத்துத்தான் டீச்சருங்களுக்குக் குடுக்கறதுன்னு பேச்சு. கமிட்டி தேதி கிட்ட வந்துருச்சு, ஆபீஸ்ல ஆளில்ல. கிளார்க் என்ன பண்ணான், அவங்கவங்க கட்டை ரப்பர் பேண்டு போட்டு அவங்கவங்க டிராயர்ல வச்சிட்டுப் போயிட்டான். பிள்ளைங்க கையால எழுதுன காகிதம், அப்படியே. மத்தியானம் சாப்பாட்டு நேரம், ஸ்டாஃப் ரூம்ல நான் மட்டும். டிபன் பாக்ஸைத் தொறந்து வச்சிக்கிட்டு ஒண்ணொண்ணா படிச்சேன். எலுமிச்சஞ்சாதம். சாயந்தரம் அந்தச் சாதத்தை அப்படியே வீட்டுக்குத் திரும்ப எடுத்துட்டுப் போனேன்.

'ரிப்பீட் என்றார்.' 'ஒன்றும் சொல்லவில்லை.' 'ரிப்பீட்.' 'முகத்தைப் பார்த்து தெரிந்துகொள்ள வேண்டும்.' முப்பத்தெட்டு பேரு இதையேதான் எழுதியிருந்தாங்க. பேசி வச்சிக்கிட்டு எழுதியிருக்குதுங்க, வேற என்ன?

அதுல ஒண்ணு நீளம். முழுப் பக்கம். இங்கிலீஷ்ல, முத்து முத்தான உருண்டை எழுத்து. நான் அதைப் பெருசா எடுத்துக்கலைங்க. ஆனா சொல்றேன் கேளுங்க, வரி மாறாம சொல்றேன். 'மேடம், மூணு வருஷத்துல என் ரெக்கார்டுல பதினோரு தடவை ரிப்பீட் எழுதியிருக்கீங்க. பதினோரு தடவையும் திரும்பச் செஞ்சேன். பழைய தப்பையே திரும்பச் செஞ்சேனா, புதுசா ஒரு தப்பைச் செஞ்சேனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமான்னும் எனக்குத் தெரியாது.' பாத்தீங்களா திமிர? எனக்குத் தெரியுமான்னும் தெரியாதாம்! அப்புறம், 'ஒரு நோயாளி முன்னாடி என் கையிலேருந்து டிரேயைப் புடுங்கி, போயி வார்டைப் பெருக்கக் கத்துக்கன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் அந்த அம்மா என்னை ஊசி போட விடவே இல்ல.'

யார்கிட்ட அப்படிச் சொன்னேன்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. நெறைய பேர்கிட்ட சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு பேப்பர் மட்டும் வேற மாதிரி. தமிழ்ல இருந்துச்சு. கோணக்கோணையான எழுத்து. என்னைப் பத்தி நல்லபடியா நாலு வரி. எங்க பிள்ளைங்க எல்லாத்தையும் இங்கிலீஷ்லதான் எழுதணும், தமிழ்க் கையெழுத்தை நான் பாத்ததில்ல. யாரோ நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு நெனச்சு தனியா எடுத்து இந்தப் பையில வச்சேன். இங்கதான் இருக்கு. அப்புறம் காட்டுறேன்.

மனோகரி கூப்புட்டா. திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "மேடம், நாப்பத்தாறு பேர்ல ஒருத்திகூட உங்களை மாத்துங்கன்னு எழுதல. தப்பு எதுன்னு சொல்லுங்கன்னுதான் கேக்குறாங்க. ரிப்பீட்டுக்குக் கீழ ரெண்டே வரி எழுதுங்க மேடம். எது சரி, எதை மாத்தணும். அடுத்த செமஸ்டர்ல திரும்பக் கேட்டுப் பாப்போம்"னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நானும் உங்ககிட்ட படிச்சவதானே மேடம். நான் வாங்குன ரிப்பீட்டுக்கெல்லாம் எனக்கும் இன்னும் காரணம் தெரியாது"ன்னா.

நான் சிரிக்கல. முப்பத்தொரு வருஷம் நின்னு காலு வீங்கிப் போயிருக்கு, ரெண்டு வரி எழுதச் சொல்றா.

பேரு எழுத வேணாம்னா கண்டுபுடிக்க முடியாதாக்கும்? மூணு வருஷமா அந்த கிளாஸுக்கு ரெக்கார்டு திருத்துறேன். நாப்பத்தாறு பேரு கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. அன்னைக்கே பீரோவைத் தொறந்தேன். நோட்டெல்லாம் ரோல் நம்பர் படி அடுக்கியிருக்கும். அந்த நீளப் பேப்பரை பக்கத்துல வச்சிக்கிட்டு ஒண்ணாம் நம்பர்லேருந்து பாத்தேன். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல. ஆறாவது நோட்டைத் தொறந்தேன் பாருங்க, அதே உருண்டை எழுத்து. அதே சுழி, அதே வளைவு. பட்டுனு மூடி வச்சேன். அதான் கெடச்சிருச்சே, அதுக்கு மேல எதுக்குப் பாக்கணும்?

எழிலரசி. கீழநத்தம்தான் ஊரு. ஆமா, இப்ப போறேனே, அதே கீழநத்தம். உங்க பக்கத்துப் பொண்ணுதான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்பா முந்திரித் தோப்புல வேலை. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தவ. நாலு வருஷத்துல என்கிட்ட நாலு வாக்கியம் பேசியிருப்பாளா, சந்தேகம். குனிஞ்ச தலை நிமிரமாட்டா. ஊமை மாதிரி இருந்துக்கிட்டு இந்த எழுத்து எழுதுறாளான்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா கையெழுத்து பொய் சொல்லாதே!

நான் அவளை ஒண்ணும் பண்ணலைங்க. அதை மட்டும் தெளிவா சொல்லிடறேன். ஒரு அடி அடிச்சதில்ல, ஒரு மார்க்குகூட கொறைக்கல. அவங்க என்ன கேட்டாங்களோ அதைத்தான் செஞ்சேன். சொல்லிக் குடுன்னு கேட்டாங்க. சொன்னேன்.

பிப்ரவரி மாசம் பூரா பெண்கள் வார்டுல அவளுக்கு டியூட்டி. முதல் நாள் அந்த நீளப் பேப்பரை எல்லார் எதிர்லயும் அவ கண்ணு முன்னாடி நீட்டிக் காட்டுனேன். தினம் காலையில எட்டு மணிக்கு அவ பக்கத்துல போயி நின்னுருவேன். "கை கழுவ நாப்பது செகண்டு, நீ கழுவுனது முப்பத்தாறு. சொல்லிட்டேன். டிரேயை எடது பக்கம் வச்ச. சொல்லிட்டேன். பேஷண்ட் பேரைக் கேக்குறப்ப தரையைப் பாத்த. சொல்லிட்டேன்." இப்படியே. கூட இருக்குற பிள்ளைங்க, டியூட்டி நர்சு, கட்டில்ல கெடக்குறவங்க, எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொல்லுவேன். எனக்கு இயல்பாவே கொஞ்சம் கணீர் குரல். ஒவ்வொரு தடவை சொல்லி முடிச்சதும், "கேட்டீல்ல, இந்தா வாங்கிக்க"ம்பேன்.

அஞ்சலைன்னு ஒரு அம்மா, சர்க்கரைப் புண்ணு, குதிகால்ல. தினம் கட்டு மாத்தணும். அந்தம்மா வேற யார்கிட்டயும் காலை நீட்டாது, எழில் வந்தாத்தான் நீட்டும். ஒரு நாள் கட்டு மாத்தறப்ப பதினாலு தப்புச் சொன்னேன், எண்ணிச் சொன்னேன். அந்தம்மா படுத்த வாக்குல, "ஏம்மா, நீ எதுக்கு இந்தப் புள்ளைய இப்புடிப் போட்டு நொறுக்குற? இது கைய வச்சா எனக்கு வலியே தெரியலியே"ங்குது. "உங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா, பேசாம இருங்க"ன்னேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா எழிலோட கையிலேருந்து இடுக்கி கீழ விழுந்துச்சு. "பதினஞ்சு"ன்னேன்.

அது வரைக்கும் கீழ போட்டதே இல்ல அவ. அதையும் சொல்லணும்ல.

எனக்கு எதுல கோவம்னா, அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. நான் எழுதலைன்னும் சொல்லல, எழுதுனேன்னும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல, கேக்க என்ன இருக்கு? சும்மா நின்னு என்னைப் பாப்பா. வாயை மூடிட்டு நிக்கிறதே ஒத்துக்கறதுதானேன்னு எடுத்துக்கிட்டேன். மூணாவது வாரம் அவ கை நடுங்க ஆரம்பிச்சுது. டிரேயில இருக்குற கத்தரிக்கோல் கடகடன்னு ஆடுற சத்தம் கேக்கும். அதையும் குறிப்பிட்டுச் சொன்னேன். மார்ச் ரெண்டாந்தேதி ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டா. பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்ல.

போறப்ப வார்டன்கிட்ட எனக்குன்னு ஒரு கவர் குடுத்துட்டுப் போயிருக்கா. மன்னிப்புக் கடிதமா இருக்கும், பொறுமையா பாக்கலாம்னு டிராயர்ல போட்டுட்டேன். பிரிக்கல.

பத்து நாள் கழிச்சு ஸ்டாஃப் ரூமுக்கு ஒருத்தி வந்து நிக்கிறா. ஹேமப்பிரியா. அதே கிளாஸ், நல்லா படிப்பா, வாயும் ஜாஸ்தி. கையில ரெண்டு ரெக்கார்டு நோட்டு. "மேடம், அந்தப் பேப்பரை எழுதுனது நான்"ங்குறா.

"யாரைக் காப்பாத்த வர்ற? அது எழில் கையெழுத்து, எனக்குத் தெரியும்"னேன்.

"எழில் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது மேடம். மூணு வருஷமா அவ ரெக்கார்டு முழுக்க எழுதுனது நான்தான்."

ரெண்டு நோட்டையும் என் மேசையில தொறந்து வச்சா. ஆறாம் நம்பர், பதினாலாம் நம்பர். அச்சு அசல் ஒரே எழுத்து. பதினாலாவது நோட்டு அன்னைக்கு அந்த பீரோவுலதான் இருந்துச்சு, எட்டு நோட்டு தள்ளி. நான் அது வரைக்கும் போகல.

"நீங்க ரிப்பீட் போட்டா அவ லேப்புல பொம்மைகிட்டயே நிப்பா மேடம். எழுத நேரமே இருக்காது, இங்கிலீஷும் கஷ்டம். நான் எழுதிக் குடுப்பேன். பதிலுக்கு அவ எனக்குச் செய்யறதை சொல்லிக் குடுப்பா. எப்படிக் கைய வச்சா வலிக்காதுன்னு எங்கள்ல பாதிப் பேருக்கு அவதான் சொல்லிக் குடுத்தா." சொல்லிக்கிட்டே அழுவுது. "முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். நீங்க அவளைப் பண்ணதைப் பாத்து பயந்துட்டேன் மேடம். என் பயத்தால அவ போயிட்டா."

அதோட போயிருந்தாப் பரவாயில்ல. கண்ணைத் தொடச்சிக்கிட்டு ரெண்டு நோட்டுலயும் ஒரே பாடத்தைப் புரட்டுனா. "ரெண்டும் ஒரே வாக்கியம் மேடம். நான் ஒரே நாள்ல உக்காந்து எழுதுனது. இதுல சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இதுல ரிப்பீட் போட்டிருக்கீங்க. இதுல எது மேடம் தப்பு?"

பாத்தேன். ஒரு வரிகூட மாறல.

என்ன சொல்லச் சொல்றீங்க? நாப்பத்தாறு நோட்டு, ஒரு நோட்டுக்கு நாப்பது பாடம். ஒரு நாளைக்குக் கால் வலிக்கும், ஒரு நாளைக்கு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பேன். எல்லாத்தையும் எழுத்தெண்ணிப் படிக்க முடியுமா? கொஞ்சம் ரிப்பீட் போட்டாத்தான் பயம் இருக்கும், அது ஒரு கணக்கு. இதை அவகிட்ட சொல்ல முடியுமா? "நோட்டை எடுத்துட்டு வெளிய போ"ன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. உள்ளதைச் சொல்றேன், முகமெல்லாம் சுட்டுச்சு.

அப்புறம்தான் அந்தக் கவர் ஞாபகம் வந்துச்சு. பிரிச்சேன். தமிழ்ல எழுதியிருந்தா. 'மேடம், அதை நான் எழுதவில்லை. எழுதவில்லை என்று சொன்னால் யார் எழுதியது என்று கேட்பீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும். அதனால் சொல்லவில்லை. என் கை இப்போது நடுங்குகிறது. நோயாளிக்கு வலிக்கும். அதனால் போகிறேன்.' அவ்வளவுதான்.

கோணக்கோணையான எழுத்து. பையிலேருந்து அந்த நல்ல பேப்பரை எடுத்துப் பக்கத்துல வச்சேன். அதே கோணல். நாப்பத்தாறு பேர்ல என்னைப் பத்தி நல்லதா எழுதுன ஒரே புள்ளை அவதான்.

இந்தாங்க, இதான். படிங்க, பரவாயில்ல. சத்தமா படிச்சாலும் சரி.

'மேடம் என்ன சொன்னார்: முதல் வருடம் முதல் வாரம் எனக்கு நாடி பார்க்க வரவில்லை. கட்டை விரலை வைக்கக் கூடாது, அதில் நம்முடைய நாடிதான் துடிக்கும், அதை அவர்களுடையது என்று எண்ணிவிடுவோம் என்று சொல்லி, மேடமே என் மூன்று விரலைப் பிடித்து சரியான இடத்தில் வைத்தார்கள். உதவியதா: இன்று வரை உதவுகிறது. எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.'

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லம்மா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்.

ஹேமா சும்மா இருக்கல, எல்லாத்தையும் எழுதி மனோகரிகிட்ட குடுத்துட்டா. அந்த வார்டு நர்சும் எழுதிக் குடுத்திருக்கா. புதன்கெழமை எனக்கு விசாரணை. நேத்து மனோகரி என்னைக் கூப்புட்டு, "விசாரணை அது பாட்டுக்கு நடக்கட்டும் மேடம். முதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீங்களே போங்க. மன்னிப்புக் கேட்டு கூட்டிட்டு வாங்க. திங்கக்கெழமை அவ நேர்ல வந்தா பரீட்சைக்கு அனுப்பிரலாம், நான் பேசி வச்சிருக்கேன். செவ்வாய்க்கெழமை வந்தா முடியாது. நாலு வருஷமும் வீணாப் போயிரும்"னா. இன்னைக்கு சனிக்கெழமை. வந்துட்டேன். ஞானசௌந்தரி மேடம் ஒரு பொண்ணு வீட்டு வாசலுக்குப் போறான்னா, நெனச்சுப் பாருங்க.

அவ அப்பாவுக்கு போன் பண்ணேன். நல்ல மனுஷன், மரியாதையாத்தான் பேசுனாரு. "வாங்கம்மா. ஆனா பகல்ல புள்ளை வீட்டுல இருக்காது. கொட்டை ஒடைக்கப் போவுது"ன்னாரு. முந்திரிக்கொட்டை. அந்த ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்குமே, பட்டா தோலு வெந்து உரியும். உங்களுக்குத் தெரியும், உங்க ஊர்ப்பக்கம் எல்லாம் அதானே. உறை போட்டுக்குதான்னு கேட்டேன். "போட்டா வேலை ஓடலங்குது"ன்னாரு. அந்தக் கையிலயா! அஞ்சலைம்மா இன்னும் வார்டுலதான் இருக்கு, கட்டு மாத்தப் போறவங்ககிட்டயெல்லாம் அந்தப் புள்ளை எங்கன்னு கேக்குது. நான் இப்ப அந்த வார்டுப் பக்கம் போறதில்ல.

கூட்டிட்டு வரத்தான் போறேன். கூட்டிட்டு வராமயா? ஆனா நானும் என்னைப் பாத்துக்கணும்ல. அதான் ஒரு வேலை செஞ்சேன். வெளிக்கடையில ஒரு கடிதம் டைப் அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். இந்தா. 'நான் என் குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில் ஊருக்குச் சென்றேன். எந்த ஆசிரியர் மீதும் எனக்குப் புகார் இல்லை.' ரெண்டே வரி. மனோகரி ரெண்டு வரி எழுதச் சொன்னாள்ல, எழுதிட்டேன். கீழ எழில் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா புதன்கெழமை யாரு என்னைக் கேள்வி கேக்க முடியும்? ஹேமா ஆயிரம் சொல்லட்டும், பாதிக்கப்பட்டவளே இல்லைன்னு சொல்றப்ப?

போடுவா. கண்டிப்பா போடுவா. என்னைப் பத்தி நல்லா எழுதுன புள்ளை, கூட்டாளிக்காக வாயைத் தொறக்காம நின்ன புள்ளை, ஒரு கையெழுத்துப் போடாதா? முதல்ல இதுல வாங்கிருவேன். வாங்கி பையில வச்சிட்டு, அப்புறம் திங்கக்கெழமை விஷயத்தைச் சொல்லுவேன். முன்னாடியே சொல்லிட்டா யோசிக்க ஆரம்பிச்சிரும். ஒருவேளை போடலைன்னா? போடலைன்னா திங்கக்கெழமையைப் பத்தி நான் எதுக்குச் சொல்லணும்? அதான் முறை. எதுக்கும் ஒரு வரிசை இருக்குல்ல.

என்ன, பேசாமயே வர்றீங்க? வெயிலா? தண்ணி வேணுமா?

அடுத்ததா? அந்தப் புளியமரமா? சரி சரி. அந்தப் பேப்பரைக் குடுங்க, கசங்கிரும். ஏம்மா, உங்ககிட்ட ஒரு பேனா இருக்குமா? நீலம்தான் வேணும். என் பையைப் பூராத் தேடிட்டேன், நாலு பேனா கெடக்கு, நாலும் சிவப்பு. சிவப்புல கையெழுத்துப் போட்டா செல்லாதும்பாங்க. முந்திரி ஒடைக்கிற எடத்துல போயி பேனாவுக்கு எங்க போறது? இருந்தா குடுங்களேன், ஒரே ஒரு கையெழுத்துக்கு.

இல்லையா? அந்த ஃபைல் மேல சொருகியிருக்கே, அது என்ன? அதைத்தான் கேக்குறேன். அட, எதுக்கு ஜிப்பை மூடுறீங்க? ஒரு பேனாம்மா! பொண்ணு அப்ளிகேஷனை அப்புறம் நிரப்பிக்கலாமே. எதுக்கு என்னை அப்படிப் பாக்குறீங்க? இவ்வளவு நேரம் நல்லாத்தானே கேட்டுட்டு வந்தீங்க. இருப்பா கண்டக்டர், எறங்குறேன், விசிலடிக்காத! நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? வாயைத் தொறந்து சொல்லுங்கம்மா. என்ன தப்புன்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?